காத்திருக்கும் இழைகள்

சுழலும் வட்டம்

பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைப்பேசியை நீட்டி ஸ்கேன் செய்யும் வழக்கம் பரவிவிட்ட இக்காலத்தில், அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறையாவது எழுந்திருக்கக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கடையிலிருக்கும் ஒலிப்பெட்டியோ பணம் வந்ததாக அறிவிப்பதில்லை. சிறிது நேரம் சென்றபின் செயலி, பரிவர்த்தனை ‘நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. விநாடிக்குப் பல நூறு கோடிக் கணக்குகளைப் போடும் இயந்திரங்களுக்கு, பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்வதில் என்ன தடை இருக்க முடியும் என்று பயனர் வியப்பது இயல்பே.

கணினியின் கணக்கிடும் வேகத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. ஒரு கணினி வேறொரு கணினியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, விடை வந்து சேரும்வரை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் இந்தப் புதிர் அவிழத் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சும்மா இருத்தலாகத் தோன்றும் அந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு வங்கியின் சேவை தாக்குப்பிடிப்பதும் முடங்குவதும் அமைகிறது.

நடுவில் இருக்கும் மென்பொருள்

வங்கி என்று பொதுமக்கள் ஒற்றைச் சொல்லால் குறிப்பது, உள்ளே பல தனித்தனி நிரல்களின் கூட்டம். வாடிக்கையாளரின் இருப்பைக் காக்கும் மையக் கணக்கு நிரல் ஒன்று, அட்டைகளுக்கு ஒன்று, கடன்களுக்கு ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று என இவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நிறுவனங்களால், வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்டவை. வருமானவரிக்கான பான் எண்ணைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளுக்கு வங்கிக்கு வெளியே உள்ள அமைப்புகளையும் கேட்டாக வேண்டும். இவை ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாகப் பேச வேண்டுமானால், 10 நிரல்களுக்கு 45 இணைப்புகளும் 20 நிரல்களுக்கு 190 இணைப்புகளும் தேவைப்படும். ஒரு நிரல் தன் பேச்சுமுறையைச் சற்று மாற்றினாலும் அதனோடு இணைந்த எல்லா நிரல்களையும் திருத்த வேண்டிவரும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே, எல்லா நிரல்களும் தன்னிடம் மட்டும் பேசினால் போதும் என்ற ஏற்பாட்டோடு நடுவில் ஒரு மென்பொருள் வைக்கப்படுகிறது. பொறியாளர்கள் மிடில்வேர் என்று அழைக்கும் இது, இங்கே இடைநிலை மென்பொருள் எனப்படும். ஒருவரிடமிருந்து கோரிக்கையை வாங்குவது, அதை மற்றவருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது, உரிய இடத்தைக் கண்டுபிடித்துக் கேட்பது, வந்த விடையை மீண்டும் பழைய வடிவத்துக்கு மாற்றித் திருப்பிக் கொடுப்பது ஆகியவையே இதன் பணி. இணையத்தில் பக்கங்களைக் கொண்டுவரும் அதே எச்.டி.டி.பி. நெறிமுறையின் வழியாக ஒரு நிரல் தன் பணியைப் பிறருக்குத் திறந்துவைக்கும்போது அது வலைச்சேவை எனப்படுகிறது. இவ்வகைச் சேவைகளுக்கான சோப் என்னும் பொதுவடிவத்தின் 1.1 பதிப்பு 2000-இல் வெளியாயிற்று. ஒரு சேவை எதைக் கேட்கும், எதைத் தரும் என்பதை எழுதிவைக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். என்னும் விவரிப்பு முறையின் 1.1 பதிப்பு 2001-இல் வந்தது. பின்னதை உருவாக்கியவர்களுள் ஒருவரான சஞ்ஜீவ வீரவரண, 2005-இல் இருவரோடு சேர்ந்து நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் கொழும்பில் வேரூன்றி, இடைநிலை மென்பொருளையே தன் முதன்மைத் தொழிலாகக் கொண்டது. உலகின் பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் இத்துறைக் கருவிகளில் இலங்கைப் பொறியாளர்களின் உழைப்புக்குக் கணிசமான இடம் உண்டு என்பது தமிழ் வாசகர் அதிகம் அறியாத செய்தி.

தொலைவை மறைத்த வசதி

ஒரு நிரலுக்குள் ஒரு பகுதி மற்றொரு பகுதியிடம் வேலையை ஒப்படைத்து விடையைப் பெறுவது கணினித் துறையின் மிகப் பழைய வழக்கம். அழைத்த பகுதி அப்படியே நின்றுவிடும். அழைக்கப்பட்ட பகுதி வேலையை முடித்து விடையைக் கொடுத்ததும், நின்ற இடத்திலிருந்து பணி தொடரும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வுரையில், வேறொரு கணினியில் இருக்கும் பகுதியையும் இதே பாணியில் அழைக்க முடியும் என்பதை நடைமுறையில் செய்துகாட்டி விளக்கினர். நிரல் எழுதுபவர் வழக்கம்போல ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரிக்குப் பின்னால் செய்தியைப் பொதிவது, கம்பிவழி அனுப்புவது, விடையைப் பிரிப்பது எல்லாம் தாமாகவே நிகழும்.

இந்த வசதியின் பயன் பெரிது. ஆனால் இது தொலைவைக் கண்ணிலிருந்து மறைத்ததே தவிர, இல்லாமல் செய்துவிடவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 1,000 கிலோமீட்டர் என்பதால், ஒரு கேள்வி போய் விடை திரும்புவதற்கு, வழியில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும்கூட, ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு ஆகிவிடும். மனிதருக்கு இது உணர முடியாத நேரம். விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் ஒரு செயலிச் சில்லுக்கோ அது 3 கோடித் துடிப்புகள். மறுமுனையில் உள்ள கணினி தரவுத்தளத்தைத் தேடி எடுக்கும் நேரமும் சேர்ந்தால் இது பல மடங்காகும். மேலும், உள்ளேயே இருக்கும் பகுதி செயலிழந்தால் முழு நிரலும் சேர்ந்தே விழும். தொலைவில் இருக்கும் பகுதி செயலிழந்தாலோ அழைத்தவருக்கு அது தெரியவே வழியில்லாமல் போகலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தின் ஜிம் வால்டோவும் உடன் பணியாற்றிய மூவரும் 1994-இல் எழுதிய கட்டுரை, அருகில் உள்ளதையும் தொலைவில் உள்ளதையும் ஒன்றுபோல் நடத்துவது அடிப்படையிலேயே தவறு என்று வாதிட்டது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு வந்த வலைச்சேவைகளும் பெரும்பாலும் பழைய பாணியிலேயே அழைக்கப்பட்டன என்பதுதான் வருத்தத்துக்குரியது.

நின்றுகொண்டிருப்பது எது?

அழைத்தவர் நிற்கிறார் என்று மேலே சொல்லப்பட்டது. கணினிக்குள் உண்மையில் நிற்பது எது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். இடைநிலை மென்பொருளுக்கு ஒரே நேரத்தில் பலரிடமிருந்து கோரிக்கைகள் வரும் என்பதால், அது தன்னிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பணியாட்களை வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஓர் ஆளிடம் ஒப்படைக்கிறது. நிரலோட்டத்தின் தனித்த ஒரு கிளையான இந்தப் பணியாளைத் துறையினர் த்ரெட் என்பர். இங்கே பணியிழை என்று குறிக்கலாம். ஒவ்வொரு பணியிழைக்கும் தன் வேலையின் நடப்பை நினைவில் வைத்துக்கொள்ள நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். ஜாவா மொழியில் எழுதப்படும் சர்வர் நிரல்களில் இந்த ஒதுக்கீடு பொதுவாக ஓர் இழைக்கு 1 எம்.பி. அளவில் இருக்கும். எனவே இழைகளை விரும்பிய அளவுக்குப் பெருக்கிக்கொண்டே போக முடியாது. சில நூறு இழைகள் என்று ஒரு வரம்பு கட்டிவிடுவதே நடைமுறை.

ஒரு பணியிழை வெளியே உள்ள வலைச்சேவையைக் கேட்டுவிட்டு, விடை வரும்வரை வேறு எந்த வேலையையும் எடுக்காமல் நிற்குமானால், அது காத்திருப்பு அழைப்பு. சின்க்ரனஸ் அழைப்பு என்று தொழிலில் வழங்குவது இதுவே. கேள்வியை அனுப்பிவிட்டு இழை உடனே அடுத்த கோரிக்கையைக் கவனிக்கப் போய்விட, விடை பின்னர் தனியாக வந்து சேருமானால், அது காத்திரா அழைப்பு, அதாவது அசின்க்ரனஸ் அழைப்பு. முதல் வகையில் நிற்கும் இழை எதையும் கணக்கிடுவதில்லை. மின்சாரத்தைக்கூட அவ்வளவாகச் செலவழிப்பதில்லை. ஆனால் தன் இடத்தை அது விட்டுக்கொடுப்பதும் இல்லை.

பயன்படாமலே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இந்த நிலை கணினிக்கு முந்தியது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் கிராரப் எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் ஊரார் அழைப்புகளைத் தாங்கும் என்ற கேள்வியை 1909 முதல் ஆராய்ந்து வந்தார். இருவர் பேசினாலும், பேசாமல் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்தாலும், கம்பியைப் பொறுத்தவரை அது பிடிபட்டதுதான். ஆகவே அழைப்புகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கம்பியைப் பிடித்திருக்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணே, சராசரியாக எத்தனை கம்பிகள் பிடிபட்டிருக்கும் என்பதைச் சொல்லும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் இந்த உறவு எவ்வகை வரிசைக்கும் பொருந்தும் என்று நிறுவியதால், இது இன்று அவர் பெயரால் வழங்குகிறது. பணியிழைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பெருக்கல் கணக்கே போதும்.

பத்துப் பேருக்காக நூறு பேர்

ஒரு வங்கியின் இடைநிலை மென்பொருளில் 200 பணியிழைகள் இருப்பதாகவும், விநாடிக்கு 100 கோரிக்கைகள் வருவதாகவும் கொள்ளலாம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தாம். அந்த நூற்றில் 90 கோரிக்கைகள் இருப்பைக் கேட்பது, பணம் அனுப்புவது போன்றவை. இவை வங்கிக்குள்ளேயே இருக்கும் மையக் கணக்கு நிரலிடம் போகின்றன. மீதி 10 கோரிக்கைகள் புதிதாகக் கணக்குத் தொடங்குவோருடையவை. அவர்களின் பான் எண்ணைச் சரிபார்க்க வெளியிலுள்ள ஒரு வலைச்சேவையைக் காத்திருப்பு முறையில் அழைக்க வேண்டும். எல்லா நிரல்களும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள், அதாவது 0.2 விநாடியில், விடை சொல்லிவிடுகின்றன.

நூறை 0.2 விநாடியால் பெருக்கினால் 20 கிடைக்கும். ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 20 இழைகளே வேலையில் இருக்கும், 180 இழைகள் ஓய்வாக இருக்கும். கூட்டம் பத்து மடங்கானால்தான் இழைகள் அனைத்தும் நிரம்பும் என்பதால், இந்த அமைப்பு மிகவும் பாதுகாப்பானது என்று எவரும் முடிவுகட்டுவர்.

இப்போது பான் சரிபார்க்கும் சேவை மட்டும் ஏதோ காரணத்தால் தளர்ந்து, 0.2 விநாடிக்குப் பதிலாக 30 விநாடி எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது நின்றுவிடவில்லை, பிழைச்செய்தி எதையும் அனுப்பவில்லை, விடையும் சரியாகவே சொல்கிறது. முதல் விநாடியில் அதனிடம் போன 10 இழைகள் திரும்பவில்லை. அடுத்த விநாடியில் மேலும் 10 போய் மாட்டிக்கொள்கின்றன. ஐந்தாம் விநாடியின் முடிவில் அங்கே 50 இழைகள் நிற்க, மற்ற 90 கோரிக்கைகளுக்காக வழக்கம்போல 18 இழைகள் உழைக்க, மொத்தம் 68 இழைகள் பிடிபட்டிருக்கும். பத்தாம் விநாடியில் இது 118, பதினைந்தாம் விநாடியில் 168, பதினெட்டாம் விநாடியில் 198. அதற்குப் பிறகு ஓய்வாக இருக்கும் இழை என்று ஒன்றும் இல்லை. எஞ்சி உழைத்துக்கொண்டிருந்த 18 இழைகளும், வேலை முடிந்து அடுத்த கோரிக்கையை எடுக்கும்போது பத்தில் ஒன்று பான் கோரிக்கையாக அமைந்துவிடுவதால், ஒவ்வொன்றாக அதே இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். இன்னும் சில விநாடிகளில் 200 இழைகளும் ஒரே வாசலில் நிற்க, 30-ஆம் விநாடியில் முதல் விடை வரும்வரை வங்கியில் எந்தப் பணியும் நடக்காது.

இந்த நேரத்தில் வங்கியின் கண்காணிப்புத் திரையைப் பார்ப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். மையக் கணக்கு நிரல் நலமாக இருக்கிறது. அதனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதால் முன்னைவிட ஓய்வாகவே இருக்கிறது. இடைநிலை மென்பொருள் ஓடும் சர்வரின் செயலிச் சில்லு ஏறத்தாழ முழுவதும் சும்மா இருக்கிறது. ஆயினும், பான் எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் தம் இருப்பைக் கேட்டால் விடை வருவதில்லை.

முதல் விடைகள் வரத் தொடங்கிய பின்னும் நிலைமை சீராகாது. ஒரு கோரிக்கை ஓர் இழையைப் பிடித்திருக்கும் சராசரி நேரம் இப்போது 3.18 விநாடி, 200 இழைகளை அதனால் வகுத்தால், நீண்டநேரச் சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 63 கோரிக்கைகளையே முடிக்க முடியும். வருபவை 100, முடிபவை 63 என்பதால், விநாடிக்கு 37 என வரிசை வளர்ந்து, ஒரு நிமிடத்தில் 2,200 பேருக்கு மேல் தேங்கிவிடுவர். பொறுமையிழந்தவர்கள் செயலியை மூடித் திறந்து மீண்டும் அழுத்துவார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வரும் எண்ணிக்கை 100 என்ற அளவிலும் நிற்காது.

பான் சேவை அடியோடு செயலிழந்து, அழைத்தவுடனேயே இணைப்பை மறுத்திருந்தால், அந்த 10 கோரிக்கைகள் மட்டும் தோற்றிருக்கும், மற்ற 90 எப்போதும்போல நடந்திருக்கும். செத்துப்போன சேவையைவிட மெல்ல நடக்கும் சேவையே ஆபத்தானது என்று இத்துறையினர் அஞ்சுவதற்கு இதுவே காரணம். காத்திருப்பு அழைப்பில், அழைக்கப்பட்டவரின் தளர்ச்சி அழைத்தவரையும் தொற்றிக்கொள்கிறது. நடுவில் நிற்கும் மென்பொருளுக்கு எல்லோரும் அழைப்பாளர்களாக இருப்பதால், அதைத் தொற்றியது எல்லோரையும் தொற்றுகிறது.

காலவரம்பும் தடுப்பும்

இதற்கான முதல் மருந்து, இவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்பதில்லை என்று இழைக்கு ஒரு காலவரம்பு விதிப்பது. டைம் அவுட் எனப்படும் இவ்வரம்பைப் பல கருவிகள் இயல்பாகவே அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று தாராளமாக வைத்திருக்கும், சில வரம்பே வைத்திருக்காது. நிறுவுபவர் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே பல முடக்கங்களின் தொடக்கம். மேற்கண்ட கணக்கில் பான் சேவைக்கு 2 விநாடி என்று வரம்பு வைத்திருந்தால், பிடிபடும் இழைகள் 18-உம் 20-உம் சேர்ந்து 38-ஐத் தாண்டாது. பான் சரிபார்ப்புகள் எல்லாம் தோற்கும் என்பது உண்மைதான். ஆனால் வங்கி நிற்காது.

வரம்புகள் ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலி 20 விநாடியில் பொறுமையிழக்கும்படி அமைந்திருக்க, இடைநிலை மென்பொருள் 30 விநாடி நிற்கும்படி அமைந்திருந்தால், கடைசி 10 விநாடியும் யாரும் வாங்கிக்கொள்ளப் போகாத ஒரு விடைக்காக இழை நின்றுகொண்டிருக்கும். வெளியே உள்ளவரின் வரம்பைவிட உள்ளே உள்ளவரின் வரம்பு குறைவாக இருக்க வேண்டும் என்ற இந்த எளிய விதி, வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு அடுக்குகளைக் கவனிக்கும் பெரிய நிறுவனங்களில் எளிதில் மீறப்படுகிறது.

இரண்டாவது ஏற்பாடு, ஒவ்வொரு வெளிச்சேவைக்கும் இழைகளைத் தனியாகப் பிரித்துவைப்பது. கப்பலின் அடிப்பகுதியைத் தடுப்புச்சுவர்களால் அறைகளாகப் பிரிக்கும் முறையின் பெயரையே இதற்கும் இட்டிருக்கிறார்கள். பான் சேவைக்கு 20 இழைகள் மட்டும் என்று ஒதுக்கிவிட்டால், அந்த இருபதும் மாட்டிக்கொண்டபின் வரும் பான் கோரிக்கைகள் உடனுக்குடன் மறுக்கப்படும். மீதி 180 இழைகளை அந்தத் தொல்லை எட்டாது. மூன்றாவது ஏற்பாடு, வீட்டு மின்பெட்டியில் மிகுமின்சாரம் பாய்ந்தால் தானே விழுந்துவிடும் பிரேக்கரின் பெயரால் வழங்குகிறது. ஒரு சேவை அடுத்தடுத்துத் தோற்றால், சிறிது நேரத்துக்கு அதனிடம் கேட்பதையே நிறுத்திவிட்டு, பிறகு ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிச் சோதித்து, விடை வந்தால் மட்டும் மீண்டும் திறந்துவிடுவார்கள். மைக்கேல் நைகார்ட் 2007-இல் எழுதிய நூலால் பரவிய இக்கருத்தை, நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2012-இல் ஹிஸ்ட்ரிக்ஸ் என்ற பெயரில் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட பிறகு, உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கையாளத் தொடங்கினர். தளர்ந்த சேவைக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பது இதன் தனிச்சிறப்பு. முந்தைய இரண்டும் முதன்மையாக அழைப்பவரைக் காப்பவை, இது அழைக்கப்படுபவரையும் காக்கிறது.

விடை வராததன் பொருள்

காலவரம்பு இழையை விடுவிக்கிறது. ஆனால் புதியதொரு சிக்கலை அது பிறப்பிக்கிறது. வரம்பு கடந்து இழை திரும்பிவிட்ட நிலையில், மறுமுனையில் நடந்தது என்னவாக இருக்கலாம்? கேள்வியே போய்ச் சேராமல் வழியில் தொலைந்திருக்கலாம்; போய்ச் சேர்ந்து, வேலை பாதியில் நின்றிருக்கலாம்; வேலை முழுவதும் முடிந்து, விடை மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். அழைத்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இம்மூன்றும் ஒரே தோற்றமுடையவை. செய்தி தொலையக்கூடிய ஒரு வழியில் பேசிக்கொள்ளும் இருவர், எத்தனை முறை உறுதிச்செய்திகளைப் பரிமாறிக்கொண்டாலும், ஒரே முடிவில் இருக்கிறோம் என்ற முழு நிச்சயத்தை இருவருமே அடைவது இயலாது என்பது 1970-களிலேயே நிறுவப்பட்ட உண்மை. அந்தக் கடைசி உறுதிச்செய்தி சேர்ந்ததா என்ற ஐயம் எப்போதும் எஞ்சும். ‘நிலுவையில் உள்ளது’ என்று செயலி சொல்வது இந்த நிலையைத்தான். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்வதே அங்கே நேர்மையான விடை.

இருப்பு எவ்வளவு என்பது போன்ற கேள்விகளில் இதனால் தீங்கில்லை. எதையும் மாற்றாத கேள்வியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். 500 ரூபாயைக் கழிக்கவும் என்ற கட்டளையைத் திரும்ப அனுப்பினாலோ, முதல் கட்டளை நிறைவேறியிருந்தால் 1,000 ரூபாய் கழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் அனுப்பும்போதே தனித்த ஓர் அடையாள எண்ணை இட்டு, அதே எண்ணோடு மீண்டும் வரும் கட்டளையைப் புதிதாக நிறைவேற்றாமல் பழைய விடையையே திருப்பித் தரும்படி மறுமுனையை அமைக்கிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் விளைவு ஒருமுறையே நிகழும் இந்தப் பண்பை ஒற்றைவிளைவு என்று சொல்லலாம். காலவரம்பும் மறுமுயற்சியும் ஒற்றைவிளைவோடு சேர்ந்தே வர வேண்டும். அது இல்லாத இடத்தில் மறுமுயற்சி செய்வது, வாடிக்கையாளரின் பணத்தைப் பணயம் வைப்பதாகும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சும் ஐயங்களை, நாள்முடிவில் இரு தரப்புப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுத் தீர்க்கிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, கைப்பேசிவழிப் பணப்பரிமாற்ற முறையான யூ.பி.ஐ. வழியே ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து, பெறுபவருக்குச் சேராவிட்டால், அது அடுத்த நாளுக்குள்ளும், கடைகளுக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகவே திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை காத்திராமல், இழப்பீடு தர வேண்டும். மென்பொருளால் முழுவதும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலைச் சட்டம் எடுத்துக்கொண்ட இடம் இது.

யூ.பி.ஐ. தேர்ந்தெடுத்த வழி

இந்தியத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்.பி.சி.ஐ. 2016-இல் அறிமுகப்படுத்திய யூ.பி.ஐ., உண்மையில் நாடு முழுமைக்கும் பொதுவான ஓர் இடைநிலை மென்பொருள். செலுத்துபவரின் செயலிக்கான வங்கி, பெறுபவரின் செயலிக்கான வங்கி, பணம் கழியும் வங்கி, பணம் சேரும் வங்கி என நான்கு தரப்புகளுக்கு நடுவில் அது நிற்கிறது. ஏதேனும் ஒரு வங்கி தளர்ந்தால் நாடே முடங்கிவிடாதபடி, அதன் வடிவமைப்பாளர்கள் வங்கிகளுக்கும் மையத்துக்கும் இடையிலான பேச்சைக் காத்திரா அழைப்புகளாக அமைத்தனர். பணம் கழிக்கவும் என்ற கோரிக்கை ஒரு வங்கிக்குப் போனதும், கோரிக்கை கிடைத்தது என்ற ஒப்புகை மட்டும் உடனே திரும்ப, இணைப்பு அத்தோடு முடிந்துவிடுகிறது. கழித்தாயிற்றா இல்லையா என்ற விடையை, வேலை முடிந்தபின் அந்த வங்கியே தன் பக்கத்திலிருந்து புதிய அழைப்பாக அனுப்புகிறது. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதைப் பரிவர்த்தனை எண் இணைத்துக் காட்டுகிறது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் யூ.பி.ஐ.-யில் நடந்தன. சராசரியாக விநாடிக்கு 7,000-க்கும் மேல் என்ற அந்த அளவை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இழையை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டால் எட்டுவது மிகக் கடினம்.

ஆனால் காத்திரா அழைப்பிலும் யாரோ ஒருவர் காத்திருக்கத்தான் செய்கிறார். இழை நிற்பதில்லை என்றாலும், திரையைப் பார்த்தபடி மனிதர் நிற்கிறார். அவருக்காகச் செயலிகள் இடையிடையே, பரிவர்த்தனையின் நிலை என்ன என்று மையத்தைக் கேட்டுப்பார்க்கின்றன. 2025 ஏப்ரல் 12-ஆம் நாள் யூ.பி.ஐ. சேவை நாடெங்கும் தடைபட்டபோது, சில வங்கிகளிலிருந்து இந்த நிலைவிசாரணைகள், பழைய பரிவர்த்தனைகளுக்காகவும்கூட, திரும்பத் திரும்பக் குவிந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. காத்திருப்பு அழைப்பைத் தவிர்த்து அமைத்த மையம், விடைக்குப் பொறுக்காத கேள்விகளால் திணறியது. அதன்பின் நிலைவிசாரணைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வந்தது. பணம் செலுத்தும் கோரிக்கைக்கு விடைசொல்ல வங்கிகளுக்கு இருந்த 30 விநாடி வரம்பும் 2025 ஜூன் முதல் 15 விநாடியாகக் குறைக்கப்பட்டது.

இழை மலிந்த பின்

காத்திரா அழைப்பு எல்லா இடத்துக்கும் உகந்தது என்று இதிலிருந்து முடிவுசெய்வது தவறு. கேட்பவர் அந்த விடை இல்லாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாத இடங்களில், இருப்பு போதுமா என்று பார்ப்பது போன்ற சிறு வினாக்களில், காத்திருப்பு அழைப்பே எளிது, தெளிவு, பிழை திருத்தவும் வசதி. காத்திரா முறையில் பாதியில் நிற்கும் வேலைகளை எல்லாம் எங்கோ எழுதிவைத்து, விடைகளைத் தேடிப் பொருத்தி, வராத விடைகளைத் தனியே கவனிக்க வேண்டியிருப்பதால், நிரலின் சிக்கல் பல மடங்காகும். இடைநிலை மென்பொருள்கள் இரு வகைக்கும் தனித்தனிக் கருவிகளைக் கொடுத்துவிட்டு, தேர்வை வடிவமைப்பாளரின் பொறுப்பில் விடுவது இதனால்தான்.

இந்தத் தேர்வின் கடுமையைச் சற்றுத் தணிக்கும் மாற்றம் ஒன்று அண்மையில் நிகழ்ந்தது. 2023 செப்டம்பரில் வெளியான ஜாவா 21-ஆம் பதிப்பு, மெய்நிகர் இழைகள் என்ற வசதியை நிலையாகச் சேர்த்துக்கொண்டது. இவ்வகை இழை வெளிச்சேவைக்காக நிற்கத் தொடங்கியதும், அதன் நடப்பு சிறு பொதியாக நினைவகத்தில் எடுத்துவைக்கப்பட்டு, அதைத் தாங்கிய உண்மையான இழை வேறு வேலைக்குப் போய்விடுகிறது. நிரலை எழுதுபவர் காத்திருப்பு அழைப்பின் எளிமையோடு எழுத, இயந்திரம் காத்திரா அழைப்பின் சிக்கனத்தோடு ஓடுகிறது. நூற்றுக்கணக்கில் இருந்த இழைகள் லட்சக்கணக்கில் இருக்க முடியும் என்பதால், மேற்சொன்ன 200 என்ற வரம்பு உடைந்துவிடுகிறது.

வரம்பு உடைந்தபின் என்ன நடக்கும் என்பதையும் அதே பெருக்கல் கணக்கு சொல்லிவிடும். விநாடிக்கு 10 கோரிக்கை, ஒவ்வொன்றும் 30 விநாடி என்றால், தளர்ந்துபோன பான் சேவையின் வாசலில் எந்நேரமும் 300 கோரிக்கைகள் நிற்கும். கூட்டம் மிகுந்தால் அது 3,000 ஆகும். முன்பு 200 இழைகள் என்ற வரம்பு, வங்கியை முடக்கியபோதும், அந்தச் சேவையை 200-க்கு மேற்பட்ட கூட்டத்திலிருந்து காத்துவந்தது. இப்போது அந்த மதகும் இல்லை. பான் சேவைக்குப் பின்னால் உள்ள தரவுத்தளம் ஒரே நேரத்தில் சில பத்து இணைப்புகளையே ஏற்கும் என்பதால், அங்கே வரிசை இன்னும் நீளும், விடை இன்னும் தாமதமாகும். ஆகவே மெய்நிகர் இழைகளைப் பயன்படுத்துபவர்கள், ஒரு சேவையை ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழைக்கலாம் என்ற எண்ணை இழைகளின் கையிருப்பிலிருந்து பிரித்து, தனியாக எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.